இரண்டாவது ஊசி

என் தம்பி டெஸ் மலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பான். தேயிலைப் பைகளின் நூலைக் கத்தரித்து எறிவான். துண்டில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டைக்கூடப் பிய்த்துவிடுவான். எல்லாவற்றையும் என் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து, கிராம் கணக்கில் மிச்சம் பிடித்து, லாட்டரி விழுந்தவன் போல நிமிர்ந்து பார்ப்பான். "எடைதான் எமன்" என்பது அவன் வேதம். அவனுடைய தொப்பையை மட்டும் எந்தத் தராசும் இதுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தார்ப்பாயை விரித்து மூன்று பேருக்கும் மான் வேட்டைக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் மாதம், எங்கள் நாட்டில் குளிர் தொடங்கும் நேரம். மர்ச்சிசன் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் மூச்சுவிடும் காலம். பால் வற்றி, ஒரு வேளைக் கறவையோடு நின்றுவிடும், பக்கத்துப் பண்ணைப் பெண் வந்து கறந்துவிடுவாள். காட்டில் கலைமான்கள் பெண்மானுக்காகக் கத்துவதும் அப்போதுதான். அதற்குக் கர்ஜனை என்றே பெயர். மாட்டுக் கொம்பையோ குழாயையோ வாயில் வைத்து அதேபோலக் கத்தினால், போட்டிக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து மான் சண்டைக்கு இறங்கி வரும். எங்கள் வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த மாதத்தில் தொண்டை கட்டியிருக்கும்.

என் கணவன் நெவில் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, யார் வீட்டுக் கல்யாணமோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன ஏப்ரலில் பீச் என்கிற காட்டு மரங்களுக்கு நடுவே அவன் கால் ஒரு குளவிக் கூட்டுக்குள் இறங்கியது. மண்ணுக்கு அடியில் கட்டியிருந்த கூடு. உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்து, நானும் டெஸ்ஸும் அவனை ஆற்றங்கரையோரம் இழுத்துக்கொண்டே வந்தோம். பாதையில் யாரோ ஒரு புண்ணியவான் வண்டியோடு நின்றதால் பிழைத்தான். அதற்குப் பிறகு காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பான். தினமும் பண்ணை முழுக்க நடந்துவிட்டு வரும் முழங்கால், மலை என்றதும் மட்டும் வலித்தது. காலையில் எழுந்ததும் முகட்டில் பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிற மனிதன், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தான். என்னோடு பேச்சும் குறைந்தது. வீட்டில்தான் இருந்தான், ஆனால் அவன் இல்லாதது போல இருந்தது. எனக்கு என் நெவில் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் இந்த வருடம் நானே பிடிவாதம் பிடித்தேன்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா?" என்றான்.

"மரம் இருக்கிற இடத்துலதான் குளவி. மேலே புல்வெளியில கூடாரம் போடுவோம். அந்தக் குளிர்ல குளவி எங்கே வரும்?"

"முழங்காலு..."

"முழங்காலுக்கும் சேர்த்து மாத்திரை எடுத்துக்கறேன்."

மாத்திரை என்றதும் டெஸ் பெருமையோடு ஒரு பழைய பிலிம் டப்பாவை எடுத்து நீட்டினான். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது.

"டேய், என்னடா இது?"

"மருந்து டப்பா, அக்கா. அட்டையை எல்லாம் பிச்சுப் போட்டுட்டேன். அட்டைதான் எடை. மாத்திரையில என்ன இருக்கு, காத்து மாதிரி."

கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. எல்லாம் வட்டம். எல்லாம் ஒரே அளவு.

"இதுல வயித்துப்போக்கை நிறுத்தறது எது?"

டெஸ் குனிந்து பார்த்தான். ஒன்றை எடுத்தான், வைத்தான். வேறொன்றை எடுத்தான்.

"வலி மாத்திரை எது? அலர்ஜி மாத்திரை எது?"

"அவசரத்துக்கு எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு போட்டுக்க வேண்டியதுதான். ஏதாவது ஒண்ணு நிக்கும்."

"ஆமா," என்றான் நெவில் நாற்காலியிலிருந்து. "வயிறு நிக்கும், இல்லேன்னா மூச்சு நிக்கும்."

பல மாதம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. நான் காட்டிக்கொள்ளாமல் டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, மருந்துக் கடையில் புதிதாக வாங்கி வைத்திருந்த அட்டைகளை எடுத்தேன். பெயர் எழுதிய பக்கம் போய்விடாமல் வெட்டினேன். கட்டுத்துணி, சுளுக்குக்குச் சுற்றும் பட்டை, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், காயம் கழுவும் மருந்து, குளிருக்குப் போர்த்தும் வெள்ளித்தாள் எல்லாவற்றையும் ஒரு சிவப்புப் பையில் அடுக்கினேன். ஆபத்து என்றால் விசையை அழுத்தி ஹெலிகாப்டரை வரவழைக்கிற பீக்கன் மட்டும் என் இடுப்பில். டெஸ்ஸுக்குச் சிவப்புப் பை பிடிக்கவில்லை. அவனிடம் இருப்பதெல்லாம் இலையும் கிளையும் அச்சடித்த பச்சைதான்.

"சிவப்பைப் பார்த்தா மலைமேல இருக்கிற திருட்டுக் கியாக் கிளி தூக்கிட்டுப் போயிடும் அக்கா."

"போகட்டும். எந்தக் கிளி தூக்கிட்டுப் போச்சுன்னாவது தெரியும். உன் பச்சைப் பையைப் புல்லுல வெச்சா நம்ம கண்ணுக்கே தெரியாது. போன தடவை உன் டாய்லெட் பேப்பரை எவ்வளவு நேரம் தேடினே?"

டெஸ் சிவப்புப் பையை என் பக்கமே தள்ளிவிட்டான்.

கடைசியாக அட்ரினலின் ஊசிகள். குளவி கொட்டினால் தொடையில் குத்திக்கொள்ள. ஒரு முனை நீலம், ஒரு முனை ஆரஞ்சு என்று பேனா மாதிரி இருக்கும் அவை, இரண்டு. எங்கள் ஊர் நர்ஸ் மேரே அவற்றைக் கொடுத்தபோது எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தாள். "முதல் ஊசி நேரம்தான் வாங்கித் தரும், உயிரை இல்லை. அஞ்சு நிமிஷத்துல மூச்சு சரியாகலைன்னா ரெண்டாவது. போட்டதும் நடக்கக்கூடாது, படுங்க. மூச்சு முட்டினா உக்காருங்க. ராத்திரி தூக்கப் பைக்குள்ள வெச்சுக்கங்க, உறையக்கூடாது. ரெண்டும் எப்பவும் உங்க உடம்புலயே இருக்கணும், நெவில். மனைவி உடம்புல இல்லை."

நெவில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் செருகினான். மற்றதை என் மடியில் போட்டான்.

"மேரே என்ன சொன்னா?" என்றேன்.

"மேரே ஆயிரம் சொல்லுவா. ரெண்டு ஊசியைக் கட்டிக்கிட்டுப் போனா வேட்டைக்குப் போற மாதிரியா இருக்கும்? ஆஸ்பத்திரியை இடுப்புல கட்டின மாதிரி இருக்கும். ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு உன்கிட்ட. இல்லேன்னா நான் வரலை."

ஒருவன் அடுப்பு, ஒருவன் கூடாரம், ஒருவன் கயிறு என்று எதையும் பங்குபோட்டே சுமந்து பழகியவர்கள் நாங்கள். ஆனால் ஊசி அடுப்பில்லை. கோபம் வந்தது. இருந்தாலும் அவன் வருகிறேன் என்று சொன்னதே பெரிது என்று வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

சரி, விசிலாவது இருக்கட்டும் என்று ஆரஞ்சு நிற விசில் ஒன்றை அவன் முதுகுப்பைப் பட்டையில் கட்டினேன். டெஸ் உடனே கை நீட்டினான். "இவர் கழுத்துலதான் கொம்பு தொங்குதே அக்கா. கொம்பு ஊதற வாய்க்கு விசில் எதுக்கு?"

"இருக்கட்டும்."

"ஆறு கிராம்."

"வெச்சா வெச்ச இடத்துல இருக்கணும்டா."

"சரி சரி," என்று கையை எடுத்தான்.

காரை நிறுத்திய இடத்திலிருந்து ஒரு நாள் நடை. ஆற்றை நான்கு இடத்தில் கடந்து, பீச் காட்டுக்குள் ஏறினோம். அந்த மரங்களின் பட்டையில் இனிப்பாக ஒரு நீர் கசியும். அதைக் குடிக்கத்தான் குளவிகள் மொய்க்கும். கறுத்துப்போன அடிமரங்களுக்கு நடுவே அவற்றின் ரீங்காரம் கேட்டபோது நெவில் முகம் வெளுத்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், நான் மிதித்த இடத்திலேயே மிதித்து வந்தான். சூடுபட்ட பூனை. மரங்கள் முடிந்து மஞ்சள் புல் தொடங்கிய இடத்தில் அவன் ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், அது மலைக்கே கேட்டிருக்கும்.

கூடாரம் போட்டு, காய்ந்த ஆட்டிறைச்சிக் கஞ்சியைச் சூடாக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சரிவில் முதல் கர்ஜனை கேட்டது. நெவில் கரண்டியை அப்படியே நிறுத்தினான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை போன வருடம் முழுக்க எனக்குக் கிடைக்காத ஒன்று. 'இதற்காகத்தானே உன்னை இழுத்து வந்தேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கர்ஜனைக் காலத்தில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. மான் மாதிரிக் கத்திக்கொண்டு திரிகிறவனை மான் என்று நினைத்து எவனாவது சுட்டுவிடக்கூடாது அல்லவா? அதனால் யாருக்கு எந்தச் சரிவு என்று முதலிலேயே பிரித்துவிடுவோம். சொன்ன நேரம் வரை அவரவர் எல்லையைத் தாண்டக் கூடாது. கையடக்க ரேடியோ அந்த முகடுகளுக்கு நடுவே உதவாது. ஆபத்து என்றால் மூன்று. மூன்று விசில், மூன்று வேட்டு, எதுவானாலும் மூன்று.

காலையில், ஓடைக்கு அந்தப் பக்கத்து மேல் புல்வெளி நெவிலுக்கு என்று முடிவானது. மரமே இல்லாத இடம். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் முகடு எனக்கும் டெஸ்ஸுக்கும்.

"நானும் உன்கூட வர்றேன்," என்றேன்.

"நான் என்ன கைக்குழந்தையா? போ நோலீன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கொம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் போட்டு, புல்லை விலக்கி ஏறினான். முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

வெயில் ஏறிப் பாறைகள் சூடாகும் நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

நான் வாழ்நாளில் அப்படி ஒரு கர்ஜனையைக் கேட்டதில்லை. அடித்தொண்டையிலிருந்து, கரகரத்து, கடைசியில் இழுத்து இழுத்து ஓய்ந்தது. டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். 

"அக்கா. கிழம். கிழட்டு ராஜா. கொம்புல பன்னிரண்டு முனைக்குக் குறையாது."

"நெவில் எல்லைப் பக்கமால்ல கேட்குது."

"இல்லக்கா, கீழே. காட்டு ஓரத்துல. அவர் மேலேல்ல இருக்கார். மச்சான் கொம்பு ஊதினா கறவைக்கு மாடு கூப்பிடற மாதிரி இருக்கும். இது அசல்."

அது உண்மைதான். நெவில் கொம்பு ஊதினால் மான் வருமோ வராதோ, மாடு வரும். டெஸ் தன் கொம்பை எடுத்து ஓர் உறுமல் விட்டான். சற்று நேரம் அமைதி. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது, இன்னும் கரகரப்பாக.

"பதில் சொல்றான்! என்னை எதிரின்னு நினைச்சுட்டான்!" டெஸ் இன்னொரு தடவை ஊதினான். துப்பாக்கியை எடுத்தான். குனிந்து, வாலைச் சுருட்டிய பூனை மாதிரி, ஓடைப் பக்கம் இறங்கத் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் மானைப் பார்க்காமல் விசையில் விரல் வைக்கிறவன் இல்லை அவன். ஆனால் அந்த நிமிடம் அவன் காதில் மான் மட்டும்தான் இருந்தது.

நான் அவன் பின்னால் போகவில்லை. எதிர்ப்பக்கச் சத்தத்தைக் கூர்ந்து கேட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தம். மறுபடி ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் உடைந்து இருமலாகியது.

"டெஸ், நில்லு."

"ஸ்ஸ்! அக்கா, காத்து நம்ம பக்கம் இருக்கு..."

"மூணு மூணா வருது. மான் எண்ணாதுடா!"

டெஸ் நின்றான். "மச்சானா இருந்தா விசில் ஊதுவாரே," என்றான். சொன்ன வாய் மூடவில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன்.

"விசிலை நான் எடுத்துட்டேன் அக்கா," என்றான். "கார்லயே. கழட்டி சீட்டு மேல வெச்சுட்டேன்."

அடிக்க நேரமில்லை. இறங்கினேன். டெஸ் குண்டைக் கழற்றி, துப்பாக்கியைப் பாறை மேல் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தான். "நெவில்! வர்றோம்! உக்காரு! நடக்காதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். புல்லில் சறுக்கி, ஓடையில் விழுந்து, எழுந்து ஓடினேன். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் காலை நான்தான் இழுத்து வந்து வைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால்தான் என்ன? பேசாமல் இருந்தால்தான் என்ன? உயிரோடு இருக்கட்டும். பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டு நூறு வருடம் இருக்கட்டும். இனி மலை என்ற பேச்சையே எடுக்க மாட்டேன் என்று ஓடுகிற ஓட்டத்தில் யாரிடமோ சத்தியம் செய்தேன்.

புல் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், ஒரு கறுத்த மரத்தடியில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரு மான் பதில் குரல் கொடுத்திருக்கிறது. ஆசையில் காட்டுக்குள் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டான். அவ்வளவுதான், கூடு. துப்பாக்கி குளவிகளுக்கு நடுவே எங்கோ கிடந்தது. பாவி, அந்த நிலையிலும் அவற்றிடமிருந்து விலகித் தவழ்ந்து வந்திருக்கிறான். முதல் ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டிருந்தான், வெறும் பேனா பக்கத்தில் கிடந்தது. அது கொஞ்சம் தாங்கியிருக்கிறது. ஆனால் உதடு ஊறின ரொட்டி மாதிரி இருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் சீட்டியடித்தபடி உள்ளே போனது. கையில் கொம்பு. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே விட்டான்.

இரண்டாவது ஊசியை உறையிலிருந்து உருவினேன். முப்பது வருடம் மாட்டுக்கு ஊசி போட்ட கை இது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு வேண்டியிருந்தது. நீலம் மேல, ஆரஞ்சு தொடையில என்று மேரே சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கால்சட்டைக்கு மேலேயே குத்தினேன். சொடுக்குச் சத்தம் கேட்டது. அழுத்திப் பிடித்தேன்.

"பீக்கன்," என்று டெஸ்ஸிடம் எறிந்தேன். அவன் வெட்டவெளிக்கு ஓடி, அதன் கம்பியை நீட்டி, விசையை அழுத்தினான். திரும்பி வந்து வெள்ளித்தாளைப் போர்த்தினான். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. நெவில் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை போல இருந்தது.

சீட்டி மெல்ல இறங்கியது. முதலில் நான் நம்பவில்லை. அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. உதட்டின் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தான். அப்புறம் டெஸ்ஸைப் பார்த்தான்.

"நான் சாகக் கிடக்கேன்," என்றான், கரகரவென்று. "நீ எனக்குப் போட்டியாக் கொம்பு ஊதறே."

டெஸ் ஐம்பது வயது ஆள். குழந்தை மாதிரி அழுதான். "விசிலை நான்தான் எடுத்தேன் மச்சான். கொம்பு இருக்கேன்னு..."

"எத்தனை கிராம்?"

"ஆறு."

நெவில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் செத்திருந்தா தொண்ணூறு கிலோடா. நீதான் சுமந்திருக்கணும்."

டெஸ் அழுகையிலேயே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புப் பையை மூடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நோலீன்," என்றான் நெவில். "முழங்கால் இல்லை."

"தெரியும்."

"பயம்."

"அதுவும் தெரியும். பேசாதே."

"ஒரு வருஷமா ராத்திரியெல்லாம் அந்த ரீங்காரம்தான். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்," என்றேன். "போதும் நெவில். இனிமே உன்னை இழுக்க மாட்டேன். வீட்டுல இரு. நானும் இருக்கேன். மலை எங்கேயும் ஓடிப்போகாது, நாம ஜன்னல்லேர்ந்து பார்ப்போம்."

 அவன் என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கண் விரிந்தது. மறுபடி ஏதோ ஆகிறது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவன் விரலை மட்டும் லேசாகத் தூக்கினான்.

திரும்பினேன். புல்வெளி ஓரத்தில் ஒரு கலைமான் நின்றிருந்தது. கழுத்து மயிர் சேற்றில் தோய்ந்து தொங்க, மூக்கிலிருந்து ஆவி பறக்க, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கொம்பின் முனைகளை நான் எண்ணவில்லை. டெஸ் எண்ணியிருப்பான். இந்த மலையில் தனக்கு மேல் எவன் அப்படிக் கர்ஜித்தான் என்று பார்க்க வந்திருக்கிறது. வந்து பார்த்தால் மூன்று மனிதர்கள், ஒருவன் வெள்ளித்தாளில் சுற்றிய ரொட்டி மாதிரி.

டெஸ்ஸின் கை தன்னால் தோளுக்குப் போனது. துப்பாக்கி அங்கே முகட்டில் பாறை மேல் படுத்திருந்தது. கையை இறக்கிக்கொண்டான்.

நெவில் சிரித்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க. மான் ஒரு முறை உறுமிவிட்டு, அவமானப்பட்டது போலத் திரும்பி நடந்தது. அது போன பிறகும் அவன் சிரிப்பு நிற்கவில்லை. "வந்துச்சு பார்த்தியா," என்றான். "இருபது வருஷமா ஊதறேன். ஒண்ணு வந்ததில்லை. இன்னைக்கு வந்துச்சு."

ஹெலிகாப்டர் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறி வந்து புல்லில் இறங்கியது. மருத்துவ உதவியாளர் இளம் பெண். நாடி பார்த்து, குழாய் மாட்டி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ரெண்டு ஊசியும் போட்டாச்சா? நல்லவேளை. ஆனா விஷம் திரும்பத் தூக்கும், ராத்திரி ஆஸ்பத்திரியிலதான். ஆளைத் தூக்குவோம், நடக்க வேண்டாம்." அவனைத் தூக்குபடுக்கையில் வைக்கும்போது என்னிடம் சொன்னாள்: "குளவி விஷத்தைத் துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்குற சிகிச்சை இருக்கு. வருஷக்கணக்குல பொறுமையாப் போடணும். பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே கேட்கும். டாக்டர்கிட்ட கேளுங்க."

"அவருக்கு இனிமே அது எதுக்கு?" என்றேன். "காட்டுப் பக்கமே வரமாட்டாரு."

அவள் தோளைக் குலுக்கினாள். ஹெலிகாப்டரில் கூட வர ஒருவருக்குத்தான் இடம். டெஸ் கூடாரத்தைப் பிரித்து, இரண்டு துப்பாக்கியையும் தேடி எடுத்து, மூன்று பையையும் தானே சுமந்து வருகிறேன் என்றான். எடையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மேலே எழும்பினோம். மூச்சுக்காக நெவிலைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி. காட்டின் கருப்பு கீழே போனது, அதற்கு மேலே மஞ்சள் புல், அதற்கும் மேலே பாறை. நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது சூடாக இருக்கிறதா என்று. அந்தக் கை என் பிடியிலிருந்து நழுவியது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவன் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். உயரத்தில், மரங்கள் முடியும் எல்லைக்கு வெகு மேலே, பாறை மறைவில் ஒரு சின்னச் சமவெளி. பக்கத்திலேயே தண்ணீர் மின்னியது. விரலால் கண்ணாடியைத் தட்டி எனக்கு அதைக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்த்துக் கூடாரம் என்றான். தன்னைக் காட்டினான். என்னைக் காட்டினான். பிறகு இடதுகைச் சட்டையைச் சுருட்டி, ஒரு விரலால் ஊசி போடுவது போலக் குத்திக் காட்டினான், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று. அத்தனையும் போட்டுக்கொள்கிறேன் என்று. மூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் பயமும் இருந்தது, என் நெவிலும் இருந்தான்.

ஓடையில் விழுந்தபோது செய்த சத்தியத்தை யாரிடம் செய்தேனோ, அவர் மன்னிப்பார். தலையாட்டினேன். அழுகை வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அந்த இடத்துக்கு எந்த வழியாக ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.